சாலையோர மின்னணு விளம்பரத் திரைகள்: எவ்வளவு ஒளி, எத்தனை விநாடி, எவ்வளவு தூரம்? விதிகள் சொல்வதும் சொல்லாததும்

திருவனந்தபுரம்: இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்ட அச்சுப் பலகைகளின் இடத்தை, நாட்டின் பெருநகரங்களில் எல்இடி திரைகள் மெல்ல மெல்லப் பிடித்து வருகின்றன. ஒரே திரையில் நகைக்கடை, துணிக்கடை, மருத்துவமனை, திரைப்படம் என அடுத்தடுத்து விளம்பரங்கள் மாறுகின்றன. சில திரைகளில் காணொலியே ஓடுகிறது. விளம்பரதாரருக்கு இது வசதி. உள்ளாட்சி அமைப்புக்கு வருவாய். ஆனால், அதே திரைக்கு எதிரே இருசக்கர வாகனத்தில் வருபவருக்கும், சாலையைக் கடக்கக் காத்திருப்பவருக்கும் அது என்ன செய்கிறது என்ற கேள்வி, அனுமதி வழங்கும் கோப்புகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

கேரளத் தலைநகரான திருவனந்தபுரத்தில் இக்கேள்விக்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. சாலைப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் கேரளம். போக்குவரத்து ஆய்வுக்கென இயங்கும் தேசியப் போக்குவரத்துத் திட்டமிடல் மற்றும் ஆராய்ச்சி மையமும் (நாட்பேக்) இந்நகரில்தான் உள்ளது. சட்டவிரோதப் பலகைகள், பேருந்து விளம்பரங்கள், வாகனங்களில் பொருத்தப்படும் பளிச்சிடும் விளக்குகள் ஆகிய மூன்றையும் கேரள உயர் நீதிமன்றம் அண்மை ஆண்டுகளில் விரிவாக ஆராய்ந்துள்ளது. சட்டமும் நிறுவனமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் இருந்தும், ஒளிரும் திரை எவ்வளவு ஒளிரலாம், எத்தனை விநாடிக்கு ஒருமுறை மாறலாம் என்ற அடிப்படைக் கேள்விகளுக்கு எண்ணால் விடை தேவைப்படுகிறது.

அச்சுப் பலகைக்கும் மின்னணுத் திரைக்கும் என்ன வேறுபாடு?

அச்சுப் பலகை தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் சூரிய ஒளியும், இரவில் அதன்மேல் பாய்ச்சப்படும் விளக்கொளியும் குறைந்தால் பலகையும் மங்கும். மின்னணுத் திரை தானே ஒளியை உமிழ்வது. நண்பகல் வெயிலிலும் படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, இத்திரைகள் சதுர மீட்டருக்கு 5,000 கேண்டலா அல்லது அதற்கும் மேற்பட்ட ஒளிர்வுடன் தயாரிக்கப்படுகின்றன. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டலா என்ற இந்த அளவையே விற்பனையாளர்கள் 'நிட்' என்கின்றனர்.

சூரியன் மறைந்த பின் இந்த அளவைக் குறைக்காவிட்டால் சிக்கல் தொடங்குகிறது. தெருவிளக்குகள் நன்கு எரியும் நகரச் சாலையில், சாலைப் பரப்பின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 2 கேண்டலா மட்டுமே. அந்த மங்கலான ஒளிக்குப் பழகிய கண்ணுக்கு நேரெதிரே பல்லாயிரம் மடங்கு ஒளிரும் திரை நின்றால், பார்வை ஒரு கணம் தடுமாறும். அந்தக் கணத்தில் கறுப்பு உடை அணிந்து சாலையைக் கடப்பவரோ, விளக்கில்லாத மிதிவண்டியோ கண்ணில் படாமல் போகலாம். வயது ஏற ஏற, கூசிய கண் இயல்பு நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடும்.

மழை இதை மேலும் கடுமையாக்குகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் நகரம் திருவனந்தபுரம். ஈரமான தார்ச்சாலை கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். தலைக்கவசத்தின் முகக்கண்ணாடியில் படியும் நீர்த்துளிகள் அதைச் சிதறடிக்கும். திரையின் சிவப்பும் பச்சையும் சாலையில் படரும்போது, அவற்றினூடே போக்குவரத்துச் சிக்னலின் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய வேண்டியிருக்கும்.

இரண்டாவது வேறுபாடு அசைவு. பார்வையின் ஓரத்தில் ஏதேனும் அசைந்தால் கண் தானாக அங்கே திரும்பும். இது மனிதனின் இயல்பான தற்காப்பு உணர்வு. விருப்பத்தால் முழுமையாக அடக்கக்கூடியதன்று. அசையாத பலகையைப் பார்க்காமல் கடந்து செல்ல ஓட்டுநரால் முடியும். மாறும் படத்தையும் ஓடும் காணொலியையும் அவ்வாறு கடப்பது கடினம். அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பும் கண்ணை அங்கேயே நிறுத்தி வைக்கும்.

இரண்டு விநாடி என்பது எவ்வளவு தூரம்?

அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் போக்குவரத்து நிறுவனம் 100 கார்களில் கேமராக்களைப் பொருத்தி, ஏறத்தாழ ஓராண்டு காலம் அன்றாட ஓட்டுதலைப் பதிவு செய்தது. 2006-இல் வெளியான அதன் பகுப்பாய்வு, முன்னாலுள்ள சாலையிலிருந்து பார்வை மொத்தம் 2 விநாடிக்கு மேல் விலகினால், விபத்து அல்லது நூலிழையில் தவிர்க்கப்பட்ட விபத்துக்கான வாய்ப்பு குறைந்தது இரு மடங்காகிறது எனக் கண்டறிந்தது. அதன்பின், சாலைக் கவனச்சிதறல் குறித்த விவாதங்களில் 2 விநாடி என்பது ஓர் எல்லைக்கோடாகவே பயன்பட்டு வருகிறது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. இரண்டு விநாடியில் 28 மீட்டர். அதாவது, இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளத்தைவிடக் கூடுதல் தூரத்தை, முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே கடந்துவிடுகிறார் ஓட்டுநர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இத்தூரம் 33 மீட்டராகிறது.

2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்துள்ளது. அதே ஆண்டில் கேரளத்தில் மட்டும் 43,910 விபத்துகளில் 4,317 பேர் உயிரிழந்தனர். இவற்றில் எத்தனை விபத்துகள் சாலையோர விளம்பரத்தால் நிகழ்ந்தவை எனக் கூற வழியில்லை. அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் அதிவேகம், மது அருந்தி ஓட்டுதல், தவறான பக்கத்தில் ஓட்டுதல், சிவப்பு விளக்கை மீறுதல், கைபேசிப் பயன்பாடு ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. வாகனத்துக்கு வெளியே உள்ள பொருளால் கவனம் சிதறியது என்ற பிரிவு கிடையாது; அது 'பிற காரணங்கள்' என்பதற்குள் மறைந்துவிடுகிறது. பதிவேட்டில் இல்லாத காரணத்துக்கு எதிராக விதி கோருவது கடினம் என்பதே இதன் விளைவு.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசுகின்றனவா?

இல்லை என்பதே நேர்மையான விடை. சுவீடனில் 2009-இல் ஸ்டாக்ஹோம் அருகே நெடுஞ்சாலையோரம் 12 மின்னணுத் திரைகளுக்குச் சோதனை முறையில் அனுமதி வழங்கப்பட்டது. அந்நாட்டின் சாலை மற்றும் போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனம், கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியுடன் 41 ஓட்டுநர்களை அவ்வழியே ஓட்டச் செய்து ஆராய்ந்தது. பிற சாலைப் பலகைகளைவிட மின்னணுத் திரைகளை ஓட்டுநர்கள் அதிக முறையும் அதிக நேரமும் பார்த்தது தெரியவந்தது. திரைகளுக்கான அனுமதி பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் ரெடிங், ரிச்மண்ட் ஆகிய இரு நகரங்களில் நடத்திய ஆய்வு வேறு முடிவைத் தந்தது. மின்னணுத் திரையின் மீது பார்வை நிலைத்த சராசரி நேரம் 379 மில்லி விநாடி. சாதாரணப் பலகையின் மீது 335 மில்லி விநாடி. வேறுபாடு இருந்தாலும், இரண்டுமே 2 விநாடி எல்லைக்கு வெகு கீழே இருந்தன. விளம்பர நிறுவனங்கள் தங்கள் தரப்புக்கு ஆதரவாக இந்த ஆய்வைச் சுட்டிக்காட்டுகின்றன. எனினும், அங்குள்ள திரைகள் இரவில் ஒளியைக் குறைப்பவை, காணொலி ஓட்டாதவை, குறிப்பிட்ட கால இடைவெளியில் மட்டுமே படம் மாற்றுபவை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட திரை பெரிய ஆபத்து இல்லை என்ற முடிவை, கட்டுப்பாடே இல்லாத திரைக்குப் பொருத்த முடியாது.

இஸ்ரேலின் டெல் அவீவ் நகரையொட்டிய அயலோன் நெடுஞ்சாலையில் நடந்த ஆய்வு, விளம்பரப் பலகைகள் இருந்த காலம், அகற்றப்பட்ட காலம், மீண்டும் வைக்கப்பட்ட காலம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. பலகைகள் இல்லாதபோது விபத்துகள் குறைந்ததாகவும், அவை திரும்பியபோது மீண்டும் உயர்ந்ததாகவும் அது பதிவு செய்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

கவனச்சிதறல் என்ற கருத்து இந்தியச் சட்டத்துக்குப் புதிதன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆவது பிரிவு, போக்குவரத்துக் குறியீட்டை மறைக்கும் விளம்பரம், குறியீட்டைப் போலவே தோன்றிக் குழப்பும் விளம்பரம், ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்கக்கூடிய விளம்பரம் ஆகியவற்றை அகற்றும் அதிகாரத்தை, காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரிக்கு வழங்க மாநில அரசுக்கு வழிசெய்கிறது. ஆனால், எது கவனத்தைச் சிதறடிக்கும் என்பதை அந்த அதிகாரியின் கருத்துக்கே சட்டம் விட்டுவிடுகிறது. ஓர் அதிகாரிக்கு ஆபத்தாகத் தோன்றும் திரை, அடுத்து வரும் அதிகாரிக்கு அவ்வாறு தோன்றாமல் போகலாம். வழக்கு நீதிமன்றம் சென்றால், அளவீடு இல்லாத கருத்தை நிலைநாட்டுவதும் எளிதன்று.

இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பு 1972-இல் வெளியிட்ட 'ஐஆர்சி 46' என்ற சாலையோர விளம்பரக் கொள்கை இன்னும் தெளிவானது. சாலைச் சந்திப்பு, பாலம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் விளம்பரம் கூடாது. நகர்ப்புறத்தில் இதை 50 மீட்டராகக் குறைக்கலாம். வாகனப் பாதையின் விளிம்பிலிருந்து 10 மீட்டருக்குள்ளும், போக்குவரத்துக் குறியீட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடாது. சாலையின் குறுக்கே பதாகை கட்டக் கூடாது. பளிச்சிடும், விட்டுவிட்டு எரியும், நகரும் ஒளியைக் கொண்ட விளம்பரங்கள் பாதுகாப்புக்கு ஏற்றவையல்ல; நேரம், வெப்பநிலை, வானிலை போன்ற பொதுத் தகவலுக்கு மட்டுமே விலக்கு. கண் கூசும் அளவுக்கு ஒளிரும் விளம்பரமும் ஏற்கத்தக்கதன்று என்கிறது அந்த ஆவணம்.

அரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்டாலும் இதன் நோக்கம் இன்றைக்கும் பொருந்தும். குறை வேறிடத்தில் உள்ளது. எல்இடி திரை இல்லாத காலத்தில் எழுதப்பட்டதால், கண் கூசும் ஒளி எத்தனை கேண்டலா என்றோ, எட்டு விநாடிக்கு ஒருமுறை மாறும் படம் 'நகரும் ஒளி' ஆகுமா என்றோ அதில் விடை இல்லை. அரசு சாலைகளில் வைக்கும் மாறும் தகவல் பலகைகளுக்கு, 2010-இல் 'ஐஆர்சி எஸ்பி 85' என்ற தனி வழிகாட்டுதல் வெளியானது. 'முன்னால் விபத்து, வேகத்தைக் குறைக்கவும்' என்று எச்சரிக்கும் அரசுப் பலகைக்குத் தொழில்நுட்ப வரையறை உண்டு; அதன் அருகிலேயே ஒளிரும் வணிகத் திரையும் அதே ஓட்டுநரின் கண்ணுக்குத்தான் போட்டியிடுகிறது.

உச்ச நீதிமன்றம் 1997 நவம்பரில், எம்.சி. மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில், தில்லியில் போக்குவரத்துக்கு ஆபத்தான சாலையோரப் பலகைகளைக் கண்டறிந்து அகற்ற உத்தரவிட்டது. 2008-இல் நோவா ஆட்ஸ் வழக்கில், சென்னையின் விளம்பரப் பலகைகளை உரிமம் மூலம் கட்டுப்படுத்தும் சட்டப் பிரிவுகளும் 2003-ஆம் ஆண்டு விதிகளும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. விளம்பரம் செய்வது வணிகரின் உரிமை என்றாலும், சாலையைப் பயன்படுத்துவோரின் பாதுகாப்புக்காக அதற்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்பது இதன்மூலம் உறுதியானது.

இதன் பின்னரும் துயரங்கள் நிற்கவில்லை. 2019 செப்டம்பர் 12-ஆம் தேதி சென்னை பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைக்கப்பட்ட பதாகை சரிந்ததில் இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயது மென்பொருள் பொறியாளர் உயிரிழந்தார். 2024 மே 13-ஆம் தேதி மும்பை காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் பலியாகினர். இத்தகைய சம்பவங்களுக்குப் பின் எழும் விதிகள் இயல்பாகவே இரும்பின் வலிமை, காற்றின் வேகம், பலகையின் அளவு ஆகியவற்றில் கவனம் செலுத்துகின்றன. விழும் பலகையின் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. நிற்கும் திரையின் ஒளியால் நேரும் ஆபத்து தெரிவதில்லை. மும்பை மாநகராட்சி 2024-இல் வெளியிட்ட வரைவுக் கொள்கை, மின்னணுப் பலகைகளின் ஒளிர்வுக்கு 3:1 என்ற விகித வரம்பையும், இரவு 11 மணிக்கு அவற்றை அணைக்கும் நிபந்தனையையும் முன்வைத்தது இந்த வகையில் ஒரு தொடக்கம்.

கேரளத்தில் நிலை என்ன?

கேரளத்தில் 1994-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின்படி, உள்ளாட்சிச் செயலாளரின் எழுத்துபூர்வ அனுமதியின்றி விளம்பரம் வைக்க முடியாது. 2007-ஆம் ஆண்டு கேரள சாலைப் பாதுகாப்பு ஆணையச் சட்டம், மாநில அளவில் ஆணையத்தையும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுக்களையும் உருவாக்கியது. விபத்துக்குக் காரணமாகக்கூடிய தடைகளை நீக்க உத்தரவிடும் அதிகாரமும் இச்சட்டத்தில் உள்ளது.

உயர் நீதிமன்றத்தின் தலையீடுகள் மூன்று திசைகளில் அமைந்தன. முதலாவது, பொது இடங்களில் அனுமதியின்றி வைக்கப்படும் பலகைகள், பதாகைகள், கொடிகள் தொடர்பானது. 2018 முதல் நீதிபதி தேவன் ராமச்சந்திரன் பிறப்பித்து வந்த தொடர் உத்தரவுகள், ஒவ்வொரு சட்டவிரோதப் பலகைக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிப்பதையும், 2024 டிசம்பரில் நடவடிக்கை எடுக்காத உள்ளாட்சிச் செயலாளர்களைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்குவதையும் எட்டின.

இரண்டாவது, வாகனங்களில் பொருத்தப்படும் விளக்குகள். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து, அரசுப் பேருந்தின் மீது மோதியதில் 9 பேர் உயிரிழந்தனர். இதையடுத்து, விதிகளுக்குப் புறம்பான பளிச்சிடும் விளக்குகளும் பல வண்ண எல்இடி அலங்காரங்களும் கொண்ட வாகனங்கள் மீது உயர் நீதிமன்றம் கடும் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. அவை எதிரே வரும் ஓட்டுநர்களின் பார்வையைப் பாதிக்கும் என்பது இதன் அடிப்படைகளுள் ஒன்று.

மூன்றாவது, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து விளம்பரங்கள். பிற ஓட்டுநர்களின் கவனத்தைச் சிதறடிக்கும் வகையில் பேருந்துகளில் விளம்பரம் செய்யக் கூடாது என 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உயர் நீதிமன்றம் கூறியது. வருவாய் இழப்பைச் சுட்டிக்காட்டிக் கழகம் மேல்முறையீடு செய்தது. எந்தப் பக்கங்களில், எவ்வாறு விளம்பரம் செய்யப்படும் என்ற திட்டத்தையும் முன்வைத்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவை நிறுத்தி வைத்தது.

இந்த மூன்றாவது வழக்கு தரும் பாடம் முக்கியமானது. கவனச்சிதறல் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்து முழுத் தடை விதித்தால், நிதி நெருக்கடியில் உள்ள பொது நிறுவனத்தின் வருவாய் அதற்கு எதிராக நிற்கும். எங்கே, எவ்வளவு, எப்படி என்று வரையறுத்தால் இரு தரப்பும் பேச இடம் கிடைக்கும். மின்னணுத் திரைகளுக்கும் இதுவே பொருந்தும்.

பிற நாடுகளின் வழி என்ன?

பிரேசிலின் சாவோ பாலோ நகரம், 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'தூய நகரம்' சட்டத்தால் வெளிப்புற விளம்பரப் பலகைகளை அடியோடு அகற்றியது. அமெரிக்காவின் வெர்மான்ட், மெய்ன், ஹவாய், அலாஸ்கா ஆகிய மாநிலங்களில் சாலையோர விளம்பரப் பலகைகளுக்குத் தடை உள்ளது. பிரிட்டனில் 2007-ஆம் ஆண்டு விதிகளின்படி, விளம்பரத்துக்கு அனுமதி வழங்கும்போது சுற்றுப்புற அழகு, பொதுப் பாதுகாப்பு ஆகிய இரண்டை மட்டுமே உள்ளாட்சி பரிசீலிக்க வேண்டும்; விளம்பரத்தின் பொருள் குறித்து அது கருத்துக் கூறுவதில்லை. அங்குள்ள ஒளியூட்டல் வல்லுநர் அமைப்பின் வழிகாட்டுதல், நகர்ப்பகுதியில் 10 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பலகையின் இரவு ஒளிர்வை சதுர மீட்டருக்கு 300 கேண்டலாவுக்குள் வைக்கச் சொல்கிறது.

அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2007 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு படம் 4 முதல் 10 விநாடி வரை அசையாமல் நிற்க வேண்டும். 8 விநாடி பரிந்துரைக்கத்தக்கது எனக் கூறியது. ஒரு படத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற 1 முதல் 2 விநாடியே பரிந்துரைக்கப்பட்டது. சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளிர்வு தானாகக் குறைய வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. பல நாடுகளில் விளம்பரத் துறையினர் இன்று எடுத்துக்காட்டும் '8 விநாடி' என்ற அளவு இங்கிருந்து பரவியதே.

எட்டு விநாடி இங்கே பொருந்துமா?

இந்த எண்ணை அப்படியே பெயர்த்து நடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு திரை 200 மீட்டர் தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது என்று கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் அமெரிக்க நெடுஞ்சாலை ஓட்டுநர் அத்தூரத்தை ஏறத்தாழ 7 விநாடியில் கடந்துவிடுவார். படம் 8 விநாடிக்கு ஒருமுறை மாறினால், அவர் அதிகபட்சம் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் காண்பார். சில வேளைகளில் எதையும் காணாமலே கடந்துவிடுவார்.

கேரளத்தில் 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள வேக வரம்பின்படி, மாநகர எல்லைக்குள் கார்களும் இருசக்கர வாகனங்களும் மணிக்கு 50 கி.மீ. வரை செல்லலாம். இந்த வேகத்தில் அதே 200 மீட்டரைக் கடக்க 14 விநாடிக்கு மேல் ஆகும். ஒன்று அல்லது இரண்டு மாற்றங்கள் கண்ணில் படும். நெரிசல் நேரத்தில் வேகம் 30 கி.மீ. ஆகக் குறைந்தால் 24 விநாடி. படம் மூன்று முறை மாறிவிடும். சிக்னலில் நிற்பவர் ஒரு நிமிடத்தில் ஏழெட்டுப் படங்களைப் பார்ப்பார். பச்சை விளக்கு விழும் தருணத்தில் அவரது கண் திரையிலா, எதிரே இன்னும் கடந்து முடிக்காத முதியவரிடமா என்பதே கேள்வி.

எனவே, வேகம் குறைந்த நகரத்துக்குக் குறுகிய கால அளவு போதும் என்ற பொதுவான எண்ணத்துக்கு நேர்மாறாக, வேகம் குறையக் குறையப் படம் நிற்கும் நேரம் கூட வேண்டும். பாளையம், பட்டம், கேசவதாசபுரம் போன்ற சந்திப்புகளில் பேருந்து, ஆட்டோ, இருசக்கர வாகனம், பாதசாரி என அனைவரும் ஒரே இடத்தில் சந்திக்கின்றனர். அங்கே நெடுஞ்சாலைக்கான எண் பாதுகாப்புத் தராது. திரை தெரியும் தூரத்தை, அச்சாலையில் வாகனங்கள் உண்மையில் செல்லும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் விநாடிகளே, அந்த இடத்துக்கான குறைந்தபட்ச அளவு. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. அளவு நாடாவும் நேரம் காட்டியும் போதும்.

விதியில் இடம்பெற வேண்டியவை யாவை?

முதலாவது ஒளிர்வு. பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி உச்ச வரம்பும், சுற்றுப்புற ஒளியை உணர்ந்து தானாகக் குறையும் உணரியும் கட்டாயமாக வேண்டும். உணரி பழுதானால் திரை முழு ஒளியில் எரியாமல், தானாக அணையும் ஏற்பாடும் தேவை.

இரண்டாவது நேரம். படம் நிற்க வேண்டிய குறைந்தபட்ச விநாடிகள், அச்சாலையின் வேகத்துக்கும் திரை தெரியும் தூரத்துக்கும் ஏற்ப வரையறுக்கப்பட வேண்டும். ஒரே விளம்பரத்தைத் துண்டு துண்டாகக் காட்டி, முடிவைக் காண ஓட்டுநரைக் காத்திருக்கச் செய்யும் உத்தியும் இதில் அடங்கும்.

மூன்றாவது அசைவு. வாகன ஓட்டிகளை நோக்கிய திரைகளில் காணொலியும் பளிச்சிடும் மாற்றங்களும் கூடாது. நடைபாதை வணிகத் தெருக்கள், பேருந்து நிலைய உட்புறம், வணிக வளாக முற்றம் போன்ற, வாகன ஓட்டிகள் கண்ணில் படாத இடங்களில் காணொலியை அனுமதிப்பதில் தடையில்லை.

நான்காவது இடம். சந்திப்பு, சிக்னல், பாதசாரிக் கடவை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து திரை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதோடு, சிக்னலின் பின்னணியில் திரை தெரியக் கூடாது என்ற நிபந்தனையும் வேண்டும். ஐஆர்சி 46 சாலை எல்லையிலிருந்து தூரத்தை அளக்கிறது. ஆனால் தனியார் கட்டடத்தின் மொட்டை மாடியில் நிற்கும் திரையின் ஒளிக்குச் சாலை எல்லை தெரியாது. எனவே, கட்டமைப்பு எங்கே நிற்கிறது என்பதைவிட, ஒளி எங்கே விழுகிறது என்பதே அளவுகோலாக வேண்டும்.

யார் பொறுப்பு?

திருவனந்தபுரத்தில் சாலைகள் ஒரே துறையின் கையில் இல்லை. கழக்கூட்டம் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. நகரச் சாலைகள் பொதுப்பணித் துறை, கேரள சாலை நிதி வாரியம், மாநகராட்சி எனப் பகிர்ந்துள்ளன. சிக்னல் காவல் துறையின் பார்வையில் இயங்குகிறது. விளம்பர அனுமதி மாநகராட்சியிடம். அனுமதி வழங்குபவருக்கு வருவாய், விபத்தைப் பதிவு செய்பவருக்குக் கோப்பு, சாலையைப் பராமரிப்பவருக்குச் செலவு என்ற நிலையில், ஒளியை அளப்பது எவருடைய வேலையும் ஆகாமல் போகிறது.

2016-ஆம் ஆண்டின் 101-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் விளம்பர வரி, சரக்கு மற்றும் சேவை வரிக்குள் அடங்கிவிட்டது. அதன்பின் உரிமக் கட்டணமும் இட வாடகையுமே இத்துறையில் உள்ளாட்சிகளுக்கு எஞ்சிய வழிகள். ஒரே கட்டமைப்பில் பல விளம்பரதாரர்களுக்கு இடம் தரும் மின்னணுத் திரை, அதனால்தான் உள்ளாட்சிகளை ஈர்க்கிறது. இதில் தவறில்லை. ஆனால் வருவாய் பெறும் அமைப்பே பாதுகாப்பையும் மதிப்பிடும்போது, மதிப்பீடு தளர்வதற்கு இடமுண்டு. அனுமதி மாநகராட்சியிடமே இருக்கட்டும். பாதுகாப்புச் சான்றை, மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் கீழ் வேறொரு தொழில்நுட்ப அமைப்பு வழங்கட்டும் என்ற ஏற்பாடு இதற்குத் தீர்வாகலாம். நாட்பேக் போன்ற நிறுவனம் உள்ளூரிலேயே இருப்பதால், திருவனந்தபுரத்துக்கு இது எட்டாத ஏற்பாடன்று.

புதிய திரை நிறுவப்படும் முன்பும் பின்பும் அச்சந்திப்பின் விபத்துப் பதிவுகளை ஒப்பிடுவது, விபத்துப் படிவத்தில் 'வெளிப்புறக் கவனச்சிதறல்' என்ற ஒரு வரியைச் சேர்ப்பது ஆகிய இரண்டும் செலவு குறைந்த தொடக்கங்கள். சில ஆண்டுகளில், சுவீடனையும் அமெரிக்காவையும் மேற்கோள் காட்டாமல், நம் சாலைகளின் தரவைக் கொண்டே முடிவெடுக்க அவை வழிவகுக்கும்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

சிக்னலை மறைக்கும், இரவில் கண் கூசச் செய்யும், அல்லது ஓட்டுநரை நோக்கிக் காணொலி ஓட்டும் திரை குறித்து, கேரளத்தில் உள்ளாட்சிச் செயலாளரிடமும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவிடமும், போக்குவரத்துக் காவல் துறையிடமும் எழுத்துபூர்வமாக முறையிடலாம். இடம், நேரம், சிக்னலிலிருந்து தோராயத் தூரம், படம் மாறும் விநாடிகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் முறையீடு வலுப்பெறும். அனுமதி வழங்கப்பட்ட நிபந்தனைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறவும் வழியுண்டு.

திரைகளைத் தடுத்து நிறுத்துவது இனி இயலாது; தேவையுமில்லை. அவற்றுக்கு ஒளி, நேரம், அசைவு, இடம் ஆகிய நான்கிலும் எண்ணால் எல்லை வகுப்பது இயலும். கருத்தை மறுக்கலாம், அளவீட்டை மறுப்பது கடினம். நகரெங்கும் திரைகள் நிறைந்த பின் அவற்றை மாற்றச் சொல்வதைவிட, எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே விதியை எழுதுவது அரசுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் செலவைக் குறைக்கும். சாலையைக் கடப்பவரின் உயிரையும் காக்கும்.